நான் திருத்தாத சொல்

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கும் குழந்தைக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கடிதம் என்றதும் நீ பதறுவாய் என்பதால் அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று தோன்றும். போனில் பேசும்போது உன் செல்ல மகள் குண்டூசி என் மடியில்தான் இருப்பாள். காதில் விழுவதையெல்லாம் எடுத்துக்கொள்கிறாள். எழுத்து ஒன்றுதான் அவளுக்கு இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

அன்றைக்குப் போனில், அங்கே உன் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டச் சொல்கிறார்கள், வார்டுப் பொறுப்பும் தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். “பாப்பா என்னைத் தேடுறாளாடி?” என்று கேட்டாய். “தேடாம இருப்பாளா? சொன்னா புரிஞ்சுக்கிறா” என்றேன். அவள் உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்பித்தான் இன்னும் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என நினைக்கிறாய். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவள் நான். அது பொய், அக்கா.

என் ஆராய்ச்சி என்னவென்று உனக்குத் தெரியும். ஒரு குழந்தை உறவுச் சொற்களை எப்படிப் பிடித்துக்கொள்கிறது, யாரை எதுவென்று கூப்பிடுகிறது என்பது. சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் குண்டூசியின் பேச்சைப் பதிவு செய்கிறேன். மற்ற நாட்களில் நோட்டில் தேதி, வயது, இடம், சொன்ன சொல். இதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. குழந்தை எப்படிச் சொன்னாலும் திருத்தக் கூடாது, சொல்லிக்கொடுக்கவும் கூடாது. திருத்திவிட்டால் அது உன் பேச்சு, அவள் பேச்சில்லை என்பார் எங்கள் பேராசிரியை.

அந்தக் கட்டுப்பாட்டால் கிடைத்த சந்தோஷங்களும் உண்டு. ஒரு நாள் முட்டியில் சிராய்ப்போடு வந்து “நான் அழுச்சேன்” என்றாள். நம் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அடிச்சேன், குடிச்சேன், கடிச்சேன் என்று கேட்டுக் கேட்டு, அழுகைக்கும் தானே ஒன்று செய்துகொண்டாள். மொழியை நாம் ஊட்டுவதில்லை, அவர்களே கட்டுகிறார்கள் என்பதற்கு அதைவிட அழகான சாட்சி வேண்டுமா என்று அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நீ போகும்போது அவளுக்கு ஒரு வயது. ‘ம்மா’ என்ற ஒரே சொல்தான் வைத்திருந்தாள். நீ விமானம் ஏறிய பிறகு அதையும் விட்டுவிட்டாள். பத்து மாதம் அது என் நோட்டில் இல்லை. அதற்கிடையில் பகல் நேரக் காப்பகத்தில் சேர்த்தோம். சாயங்காலம் யார் வாசலில் வந்து நின்றாலும் அங்கிருக்கும் ஆயா, “ஓடு ஓடு, உங்கம்மா வந்தாச்சு” என்று பிள்ளையை அனுப்பிவிடுவாள். எனக்கும் அப்படியே. கீழ்வீட்டுத் தையல்கார அம்மா, “உன் பொண்ணு என் ஊசிப்பெட்டியை ஒரு நாள் விழுங்கிடப் போறா, பேருக்கேத்த மாதிரி” என்பாள். நான் சிரித்துக்கொண்டே மேலே வந்துவிடுவேன். சுற்றியிருப்பவர்கள் ஒரு சொல்லை யாரை நோக்கி நீட்டுகிறார்களோ, குழந்தை அதை அங்கேயே கொண்டுபோய் வைக்கிறது. இதை நான் பாடமாகப் படித்தவள்.

ஒரு வருடமும் பத்து மாதமும் ஆனபோது, காப்பக வாசலில் என் காலைக் கட்டிக்கொண்டு “அம்மா” என்றாள். வீட்டுக்கு வந்து எழுதிவைத்தேன்.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. “அம்மா இல்லடி தங்கம், சித்தி. எங்கே சொல்லு, சித்தி” என்று அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அன்று சனிக்கிழமை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. திருத்தாதீங்கப்பா, எல்லாம் கெட்டுப்போயிடும் என்று அவரைத் தடுத்தேன். “உன் படிப்பாச்சு, நீயாச்சு. புள்ளை என்ன உன் பரீட்சைப் பேப்பரா?” என்றார். அதற்குப் பிறகு அவர் திருத்தவில்லை. அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. பேத்தி என்னை அம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. போன் அடித்ததும் அவள் “அக்கா, அக்கா” என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள் இல்லையா? “உன்னை மாதிரியே பேசுறா பாரு, வாயாடி” என்று நீ எத்தனை முறை சிரித்திருக்கிறாய். அவள் என்னைப் போலப் பேசிக்காட்டவில்லை, அக்கா. நான் உன்னை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, திரையில் வரும் அந்த முகத்தின் பெயர் அதுதான் என்று நினைத்திருக்கிறாள். நீ சிரிக்கும்போது நானும் சிரித்தேன்.

போன வாரம் பேராசிரியையிடம் எல்லாப் பதிவுகளையும் காட்டினேன். இப்படி ஒரு தரவு யாருக்கும் எளிதில் அமையாது என்றார். காகிதங்களை அடுக்கிக்கொண்டே, “பெத்தவளுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “முதல்ல அங்க எழுதும்மா. ஆய்வேட்டை அப்புறம் எழுதலாம்” என்றார்.

ஆராய்ச்சிக்காகத்தான் திருத்தவில்லை என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அவள் அப்படிக் கூப்பிடத் தொடங்கிய பிறகு மூன்றாவது பதிவிலோ நான்காவதிலோ அவள் “அம்மா” என்கிறாள், “என்னடா கண்ணு” என்று ஒரு குரல் வருகிறது. என் குரல். பேசவே கூடாத இடத்தில் பேசியிருக்கிறேன். எழுத்தில் பெயர்க்கும்போது அந்த வரியை விட்டுவிட்டேன். நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் இன்னும் இரண்டு வருடம் அவள் என்னிடம் இருப்பாள் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. அத்தானைப் பறிகொடுத்துவிட்டு, பெற்ற பிள்ளையை என்னை நம்பி விட்டுவிட்டுப் போனவள் நீ. உன்னிடம் இதைச் சொல்லக் கூசுகிறது.

கையெழுத்துப் போடாதே, அக்கா. வந்துவிடு.

வந்தவுடன் அவள் உன்னிடம் ஒட்டமாட்டாள். என் பின்னால் ஒளிந்துகொண்டு உன்னைப் பார்ப்பாள். அதற்கு மனசைத் தயார் செய்துகொண்டு வா. ஒரு வாரம் மூன்று பேரும் ஒன்றாக இருப்போம். நீ குளிப்பாட்டு, நீ சோறு ஊட்டு, நான் பக்கத்தில் நிற்கிறேன். பிறகு நான் பல்கலைக்கழக விடுதிக்குப் போய்விடுகிறேன். அறைக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவேன். என்னைச் சித்தி என்று நீயே அவளுக்குச் சொல்லிக்கொடு. என் வாயால் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

நான் போன பிறகு மத்தியானம் தூங்கி எழுந்து “அம்மா” என்று அழுவாள். அவள் கூப்பிடுவது என்னைத்தான். உனக்கும் அது தெரிந்திருக்கும். அங்கேயே நின்றுவிடாதே. போய்த் தூக்கிக்கொள். கூப்பிடும்போது யார் வருகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்தச் சொல், அக்கா. எனக்கு அது வந்தது அப்படித்தான்.

நல்லபடியாக வந்து சேர்.

இப்படிக்கு,
உன் மகளின் சித்தி