ஸ்கூட்டரில் மூன்றாவது ஆள்

இன்று காலை நீதிமன்ற வராந்தாவில் ஏறியதும், மழையில் நனைந்த கறுப்புக் கோட்டுகளின் வாடை மூக்கில் அடித்தது. ஐப்பசி மாதங்களில், வக்கீலாக இருந்த உன்மீது வீசிய அதே வாடை. மறைந்த சிநேகிதியை நினைத்தால் சிலருக்கு மல்லிகை மணக்குமாம். எனக்கு வாய்த்தது ஈரக் கோட்டு.

எப்படியும் உனக்கு இதைச் சொல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை. முன்பின்னாகச் சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்பாய். ஆகவே வரிசையாகவே சொல்கிறேன்.

நீ போன மறு வருடம் நடந்தது இது. வரிச்சிக்குடியிலிருந்து காரைக்காலுக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். முதல் வரிசை, ஜன்னலோரம். எங்களை முந்திய கார் ஒன்று எதிர்ப்பக்கத்துக்குப் போய், எதிரே வந்த ஸ்கூட்டரை அடித்தது. ஓட்டி வந்தவள் செல்வி, ஜவுளிக்கடையில் நின்றபடி துணி எடுத்துக் காட்டும் பெண். அவளுடைய கால் முறிந்தது. பின்னால் இருந்த தோழிக்குச் சிராய்ப்பு. அவளுக்கும் பின்னால், பேருந்தைத் தவறவிட்ட பக்கத்துவீட்டுப் பெண் மலர். வயல் சேற்றில் விழுந்ததால் அவளுக்குக் காயமில்லை. காவலர்கள் வருவதற்குள் உறவினர் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். புகாரில் இரண்டு பேர் என்று பதிவாயிற்று.

இழப்பீட்டு வழக்கில் நான் சாட்சி. விசாரணைக்கு முன்னால் செல்வியின் அம்மா என் வீட்டுக்கு வந்தாள்.

"டீச்சர், ரெண்டு பேருன்னே சொல்லிடுங்க. மூணு பேருன்னா எம்பொண்ணு மேலயும் பாதித் தப்பைத் தூக்கி வெச்சிருவாங்களாம். கால் போனதும் போயி, பழியும் வேணுமா?"

"நான் மூணு பேரைப் பார்த்தேனே அம்மா."

"பார்த்தா பார்த்ததையெல்லாம் சொல்லணுமா? இவ்வளவு படிச்சிருக்கீங்க."

படித்தவள் பொய்யை நேர்த்தியாகச் சொல்வாள் என்ற நம்பிக்கை அவளுக்கு. எனக்கோ பயம். அவள் சொன்னது வெறும் புலம்பல் அல்ல. அடிபட்டவரின் கவனக்குறைவும் விபத்தில் சேர்ந்திருந்தால், அந்தப் பங்குக்கு இழப்பீட்டை நீதிமன்றம் குறைக்கும் என்பது உன்னோடு பழகிய எனக்குத் தெரியாதா?

அன்று பகலெல்லாம் உன்னோடுதான் வாதாடிக்கொண்டிருந்தேன். கோர்ட்டு எதிரே இருந்த டீக்கடையில் ஒருநாள் உன் கிளாஸை லாரியாக்கினாய், என் பிஸ்கட்டைச் சைக்கிளாக்கினாய். உன் கட்சிக்காரன் குடித்துவிட்டுச் சைக்கிளைச் சாலையோரம் நிறுத்தி அதன்மீது சாய்ந்திருந்தவன். லாரி பின்னாலிருந்து வந்து இடித்தது.

"குடிகாரனுக்கு வக்காலத்தா?" என்றேன்.

"குடிச்சிருந்தான், சரி. அவன் குடிச்சதுனாலயா புள்ள லாரி ஓரத்துக்கு வந்துச்சு? நீ காலேஜ்ல காரணம்னா என்னன்னு ஒரு வருஷம் நடத்துவ. எங்களுக்குக் குடுக்குறது அரை மணி நேரம்." சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தின்றாய்.

விசாரணை நாளில் கூண்டில் ஏறினேன். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் இளைஞர். என்னைப் பார்த்ததும் இரக்கப்பட்டார். அங்கேயே அவருக்குப் பாதித் தோல்வி.

"கண்ணாடி போட்டிருக்கீங்களேம்மா. அவ்வளவு தூரம் தெரிஞ்சுதா?"

"போட்டா தெரியும் சார். அதுக்குத்தான் போடுறது."

"கார் எவ்வளவு வேகத்துல வந்துச்சு?"

"தெரியாது. எந்தப் பக்கம் வந்துச்சுன்னு தெரியும்."

"ஸ்கூட்டர்ல எத்தனை பேர்?"

"மூணு."

செல்வியின் அம்மா தலையில் கைவைத்தாள். வக்கீலின் முகம் கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆயிற்று. அப்போது நீதிபதி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூணு பேர் இருந்ததால ஸ்கூட்டர் தடுமாறிச்சா? நடு ரோட்டுக்கு வந்துச்சா?"

உன் கேள்வி, உன் குரலில்லாமல்.

"இல்லைங்க. தன் பக்கத்து ஓரத்தோட நேரா வந்துச்சு. ஒரே ஆள் வந்திருந்தாலும் அந்தக் கார் இடிச்சுத்தான் இருக்கும்."

பிந்தைய வாக்கியம் சாட்சியின் அபிப்பிராயம், செல்லாது என்று வக்கீல் ஆட்சேபித்தார். ஏற்கப்பட்டது. நீயும் ஆட்சேபித்திருப்பாய். ஆனால் முதல் வாக்கியம் நின்றது. காவல்துறையின் வரைபடமும் அதையே காட்டியது.

இன்று தீர்ப்பு. மூவர் ஏறியது விதிமீறல். அதற்குச் சட்டத்தில் தனியாக அபராதம் உண்டு. ஆனால் அந்த மீறல் விபத்துக்குக் காரணமாக இருந்தது என்று காட்டாத வரையில், அடிபட்டவள் தலையில் பங்கு சுமத்த முடியாது. முழுப் பொறுப்பும் காரோட்டியுடையது. இந்த வயதில் நீதிமன்றத்தில் கைதட்டப் போய்க் கையை மடியில் அடக்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் செல்வியின் அம்மா சொன்னாள்: "அன்னிக்கே ரெண்டுன்னு சொல்லியிருந்தா, இவ்வளவு நாளா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்திருக்க மாட்டோம் டீச்சர்." நன்றி எதிர்பார்த்துப் போகவில்லை, நல்லதாயிற்று.

தூணுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். மலர். விபத்துக்குப் பிறகு அவள் செல்வி வீட்டுப் படி ஏறவில்லையாம். எல்லாரும் சேர்ந்து மறைத்தது அவளைத்தானே. மறைக்க வேண்டிய ஆள் என்றால் குற்றவாளி என்று அவளும் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"டீச்சர், அப்ப நான் ஏறுனதாலதான் அக்காவுக்குக் கால் போச்சுன்னு இல்லையா?"

"இல்லை. நீ ஏறினது தப்பு. காலை உடைச்சது கார்."

"ஜட்ஜே சொன்னாரா?"

"ஜட்ஜே சொன்னார்."

அழுதாள். அழுகிறவர்களோடு நிற்க எனக்குப் பிடிக்காது, உனக்குத் தெரியும். நின்றேன். செல்வி ஊன்றுகோலோடு மெல்ல வந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சுடி, பையைப் பிடி" என்றாள்.

உன் வழக்குகள் எனக்கு எப்போதும் டீக்கடை வாதங்களாகவே இருந்தன. இன்று ஒரு பெண் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலின் வேகத்துக்கு ஏற்பத் தன் நடையைக் குறைத்ததைப் பார்த்தேன். அதைத்தான் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன்.