கால் கழுவறப்பத் தெரியலீங்

என் தங்க அம்மாவுக்கு, இந்த வயதிலும் பயந்தால் உன்னைத்தான் தேடுகிற உன் மகள் எழுதுவது.

பயமாக இருக்கிறது அம்மா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அது இது என்று நாலு பக்கம் ஓட்டிவிடுவேன், நீயும் "சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வா கண்ணு" என்பாய். என்னிடம் இடுப்பு வலி என்று வந்த ஒருவருக்கு நாளைக் காலையில் சிறுநீருக்காகப் போட்ட குழாயை எடுக்கப்போகிறார்கள். அதற்குப் பிறகு அவருக்குத் தானாகப் போகுமா போகாதா என்பது தெரிந்துவிடும். போகாவிட்டால் அதில் என் பங்கும் உண்டு.

மாதையன் என்று பேர். உன் ஊரான ஹனூர்ப் பக்கம்தான். இங்கே தேவராஜ மொஹல்லாவில் லாரியிலிருந்து வாழைத்தார் இறக்குகிற வேலை. நாற்பது வயதுகூட இருக்காது. போன செவ்வாய்க்கிழமை அவர் மனைவி செல்வி கைத்தாங்கலாகக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தாள். தாரைத் தோளுக்கு ஏற்றும்போது இடுப்பில் படக்கென்று பிடித்ததாம். இரண்டு காலுக்கும் வலி சுரீர் சுரீரென்று இறங்குகிறதாம்.

இடுப்பு வலிக்காரர்கள் என்னிடம் தினமும் வருகிறார்கள். ஊதுபத்தி உருட்டி உருட்டி நீயும் இடுப்பைப் பிடித்துக்கொண்டவள்தானே. பெரும்பாலானவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஸ்கேன் வேண்டாம், படுத்தே கிடக்காதீர்கள், மெல்ல நடங்கள் என்று தைரியம் சொல்லி அனுப்புவதுதான் சரியான வைத்தியம். ஆனால் அப்படிச் சொல்வதற்கு முன்னால் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். காய்ச்சல் உண்டா, உடம்பு இளைத்ததா, எங்காவது விழுந்தீர்களா, சிறுநீரும் மலமும் சரியாகப் போகிறதா, உட்காருகிற இடத்தில் உணர்வு இருக்கிறதா. கடைசி இரண்டும்தான் முக்கியம். முதுகெலும்பின் அடியில் இருக்கிற நரம்புக் கொத்து நசுங்கினால் அந்த இடம் மரத்துப்போகும், சிறுநீர் நின்றுபோகும். அப்போது நாள் பார்க்க முடியாது, மணி பார்த்து ஓட வேண்டும்.

கேட்டேன் அம்மா, கேட்காமல் இல்லை. ஆனால் எப்படிக் கேட்டேன்? திரைச்சீலையைக்கூட இழுத்துவிடாமல், வெளியே பெஞ்சில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, சீட்டில் எழுதியபடியே, பாதிக் கன்னடத்தில். "யூரின், மோஷன் எல்லா சரி இதியாண்ணா?"

"அதெல்லாம் ஆகுதுங்" என்றார், செல்வியின் முகத்தைப் பார்க்காமல். உட்காருகிற இடத்தைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் அவராகவே மெதுவாகச் சொன்னார். "கால் கழுவறப்பத் தெரியலீங் டாக்டரம்மா. மரத்துப்போன மாதிரி இருக்குதுங்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாதத்தைச் சோதித்தேன். பஞ்சால் வருடினேன், ஊசி முனையால் தொட்டேன், கட்டைவிரலைத் தூக்கச் சொன்னேன். எல்லாம் நன்றாகவே இருந்தது. "காலுக்கு ஒண்ணும் இல்லண்ணா, பயப்படாதீங்க" என்றேன். "அதில்லீங்..." என்று இழுத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அடுத்தவரை உள்ளே கூப்பிட்டுவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் கிளினிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. பெருக்கித் துடைக்கிற ராணி வந்து புலம்பினாள். தருமபுரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் அவள். "மேடம், கால் கழுவக்கூடத் தண்ணி இல்ல." நான் நிமிராமலே, "கேன் தண்ணியப் பாதத்துல ஊத்திக்கோ போ" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யோ மேடம், கால்னா காலா?"

அப்போதுதான் உன் குரல் கேட்டது. கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று கத்துவாயே, "நல்லாக் கால் கழுவீட்டு வா சாமி, கையில சோப்புப் போடு!" வெளிக்குப் போய்விட்டுக் கழுவுவதைத்தானே நம் வீட்டில் அப்படிச் சொல்வோம்? அந்தப் பேச்சில் வளர்ந்தவள்தானே நான்? நீ தமிழில் கேட்க, நான் கன்னடத்தில் பதில் சொல்லியே இத்தனை வருஷத்தை ஓட்டினேனே, அதில் எங்கே தொலைத்தேன் இதை? அந்த மனிதர் கூச்சத்தை விழுங்கிவிட்டு, தனக்குத் தெரிந்த மரியாதையான வார்த்தையில், சொல்ல வேண்டியதைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த டாக்டருக்குத்தான் தமிழ் தெரியவில்லை.

அவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அவர் வேலை செய்கிற வாழைக்காய் மண்டிக்கு ஓடினேன். இரண்டு பேரும் காலை பஸ்ஸில் ஹனூருக்குப் போய்விட்டார்களாம். அங்கேயே செல்வியின் நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன். "அண்ணன் ஒண்ணுக்குப் போனாரா?" அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "காத்தால இருந்து இல்லீங். சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டுப் படுத்திருக்கறாருங். அடிவயிறு கல்லாட்ட இருக்குதுங்."

உடனே கார் பிடித்து வரச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். கொள்ளேகால் தாண்டியாச்சா, நரசிபுரம் வந்தாச்சா என்று செல்வியைப் போனில் நச்சரித்தேன். அந்த இரண்டரை மணி நேரம் நான் கும்பிடாத சாமி இல்லை. வந்ததும் குழாய் போட்டுச் சிறுநீரை இறக்கினோம். திரையை இழுத்துவிட்டு, பஞ்சை எடுத்து, பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்தேன். "தெரியுதாண்ணா?" என்றேன். அவர் கேட்டார், "தொட்டுட்டீங்களாங்?"

அதற்குமேல் ஸ்கேன் வெறும் சாட்சிதான். அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்து நசுக்கத்தை எடுத்துவிட்டார்கள். நரம்பு திரும்புமா என்று கேட்டால் ஆபரேஷன் செய்த டாக்டர் "நோடோணா" என்கிறார். பார்க்கலாமாம். நானும் எத்தனை பேரிடம் இதே மாதிரி 'பார்க்கலாம்' சொல்லியிருக்கிறேன்! கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

மூன்றாம் நாள் அவரிடம் உண்மையைச் சொன்னேன். நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை, ஒரு நாள் வீணானது என்னால்தான் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "உங்க மேல தப்பில்லீங். நாந்தான் சொல்லத் தெரியாமச் சொல்லிப்போட்டனுங்" என்றார். அவர் என்னை அறைந்திருக்கலாம் அம்மா.

இன்னொன்றும் இருக்கிறது. நீ உயிரோடு இருந்த கடைசி வாரத்தில் "நெஞ்சக் கரிக்குது கண்ணு" என்றாய். நான் வாயு மாத்திரை கொடுத்தேன். கரிக்குது என்று நீ சொன்னது நெஞ்செரிச்சலைத்தானா? வேறு எதையாவது சொல்ல வந்து, நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டாயா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

இன்று மத்தியானம் செல்வி வராந்தாவில் என்னை ஓடிவந்து பிடித்தாள். "டாக்டரம்மா, ஈரத்துணில தொடைக்கறப்ப 'அய்யோ ஜில்லுங்குது'ன்னு கத்தினாருங்!" இந்த முறை அவசரப்படவில்லை. அவளை ஓரமாகக் கூட்டிப்போய் உட்காரவைத்து, "எங்க ஜில்லுன்னுச்சு? வெக்கப்படாமச் சொல்லு" என்றேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள். "கால் கழுவற எடத்துலதானுங்."

அழுதுவிட்டேன். ஆனாலும் நாளைக் காலையை நினைத்தால் பயம் போகவில்லை. உணர்வு வந்துவிட்டது என்பதற்காகச் சிறுநீரும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. குழாயை எடுக்கும்போது பக்கத்தில் இருப்பேன். போகாவிட்டாலும் ஓடி ஒளிய மாட்டேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி இடுப்பு வலி என்று யார் வந்தாலும் முதலில் திரையை இழுத்துவிடுவேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, "கால் கழுவறப்பத் தெரியுதாங்?" என்று உன் வாயால் கேட்பேன். யாராவது "அதில்லீங்..." என்று இழுத்தால், அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் அடுத்தவரைக் கூப்பிட மாட்டேன்.

நீ சொன்னதைப் பாதிதான் கேட்ட,
உன் பயந்தாங்கொள்ளி மகள்
கௌரி