கரண்டி போட்டுக் கிண்டியவன்

ஞாயிறு.

லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். இன்று அக்கா வீட்டு டிவியில் ஒரு புதுப்படத்தைப் பார்த்தோம். கதாநாயகன் ஓட்டல் சமையல்காரன். மீன் கறி வைத்துக் கொடுத்தே ஒரு பணக்காரப் பெண்ணைக் காதலிக்க வைத்துவிடுகிறான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆம்பள சமைச்சுக் குடுக்கது என்ன ஒரு அழகு, இல்லியா மக்கா?" என்றாள். "படம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. இந்தக் காலத்துல சமையக்காரனுக்குத்தான் மதிப்பு," என்றார் அத்தான். இரண்டு பேரும் நான் வைத்த மீன் கறியைச் சாப்பிட்டுக்கொண்டேதான் பார்த்தார்கள்.

மீனைப் போட்ட பிறகு அந்த மடையன் கரண்டி போட்டுக் கிண்டுகிறான். சட்டியைப் பிடித்து மெல்லச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் மீன் உடைந்துபோகும். துபாயில் பதினோரு வருடமாக ஒரு தொழிலாளர் கேம்ப் முழுக்கச் சமைத்துப் போடுகிறவன் நான். சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

படம் முடிந்ததும் அத்தான் தொண்டையைக் கனைத்தார். "வார ஞாயிறு கருங்கல் ஊர்ல இருந்து உனக்குப் பாத்திருக்க பொண்ணு வீட்டுக்காரவ நம்ம வீடு பாக்க வாராவ. சமையல் வேலைன்னு சொல்லாண்டாம், கேட்டியா. சூப்பர்வைசர்னு சொன்னா போதும்."

அக்கா அதற்கும் மேலே போய்விட்டாள். "மீன் கறி மட்டும் நீ வச்சிரு மக்கா. நான் வச்சேன்னு சொல்லிக்கிடுதேன்."

வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தேனே, அதுதான் இன்னும் எரிகிறது.

வைக்கிறேன். நன்றாகவே வைக்கிறேன். பெண் வீட்டார் இரண்டாவது தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்ளட்டும். யார் வைத்தது என்று அக்கா சொல்வதற்குள் நான் சொல்லிவிடுவேன்.