ஜசிந்தாவுக்கு, கான் வேலை பற்றி

என் ஆசை மச்சாள் ஜசிந்தாவுக்கு,

இந்த முறை உன் ஆண்டுத் திருப்பலிக்கு ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறோம், அதில் உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தா என்று எங்கள் வீட்டு ஒழுங்கைச் சனம் என்னைக் கேட்டது. எழுத உட்கார்ந்தேன். "அன்பும் பண்பும் நிறைந்த அன்னார்" என்று தொடங்கின உடனே உன் சிரிப்புத்தான் காதில் விழுந்தது. உன்னைப் பற்றி எழுத எனக்கு ஏலாது. உனக்கு எழுதத்தான் ஏலும். மற்றவர்களும் வாசிக்கட்டும், அதற்கென்ன? நீ கதைத்தாலே சந்தி வரைக்கும் கேட்கும். உனக்கு என்றைக்கு இரகசியம் இருந்தது?

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், குறுக்கே பேசாதே. நானும் நீயும் கொட்டாஞ்சேனையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பிறகு நீ என் அண்ணன் அலோசியஸைக் கட்டி எங்கள் வீட்டுக்கே வந்தாய். நான் கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்குப் போனேன். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் நீ டைப்பிஸ்ட் வேலை பார்த்தாய். டிவியில் அரசியல்வாதி வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு அண்ணனோடு மீன் விலை கதைக்கிற ஆள் நீ. உன்னைக் கட்சிக்குள் இழுத்தது எங்கள் வாசலுக்கு முன்னால் இருந்த கழிவுநீர்க் கான்.

ஓடுகிற கான் என்றால் பரவாயில்லை, அது நிற்கிற கான். கொஞ்சம் பலமாக மழை பெய்தால் கறுத்த தண்ணீர் படியேறி அடுப்படிக்குள் வந்துவிடும். நீ மாநகர சபைக்கு நடந்தாய். பெரிய கட்சிக்காரர்களின் வீடுகளுக்கும் நடந்தாய். எல்லோரும் தேநீர் தந்து அனுப்பினார்கள். ஒரு சின்னக் கட்சியின் உறுப்பினர் மட்டும் நேரில் வந்து, காற்சட்டையை மடித்துவிட்டு, ஒரு பொல்லைக் கானுக்குள் விட்டு ஆழம் பார்த்தார். "பொல்லைப் பிடிச்சுக் குனிஞ்ச முதல் அரசியல்வாதியடி" என்று எனக்குப் போன் எடுத்துச் சொன்னாய். கொஞ்ச நாளில் நீயும் அந்தக் கட்சி.

சந்தித் தேநீர்க் கடைக்கு மேலே இருந்த ஒரு அறைதான் கட்சி அலுவலகம். உடைந்த பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு பழைய விசிறி. தெரு விளக்கு எரியவில்லை, குப்பை எடுக்க வரவில்லை, பொதுப் பைப்பில் தண்ணீர் இல்லை என்று சனம் அந்தப் படியேறும். "இது கட்சியா, சங்கமா?" என்று நான் பகிடி பண்ணினேன். "ரெண்டும் இல்லை. முறைப்பாட்டுப் பெட்டி. நான் அதின்ர மூடி" என்றாய்.

கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை என்று நாடே வரிசையில் நின்றது நினைவிருக்கிறதா? பேக்கரியில் ஒரு இறாத்தல் பாணை நாலாக வெட்டி விற்கச் சொல்லிச் சனம் கேட்டது. நீ அந்தத் தேநீர்க் கடையின் பின்வளவில் மூன்று கல்லை வைத்து விறகு மூட்டினாய். பலசரக்குக் கடை நௌபர் நானா பருப்பும் அரிசியும் தந்தார். அடுத்த ஒழுங்கையிலிருந்து சோமலதா அக்கா தன் தேங்காய்த் துருவலையைத் தூக்கிக்கொண்டு வந்து, யாரும் கேட்காமலே உட்கார்ந்து துருவத் தொடங்கினா. சோறு, பருப்பு, சம்பல். துறைமுகத்தில் வேலை நின்றுபோனவர்கள் வந்தார்கள். கந்தோர் வேலைக்குப் போகிற உடுப்போடும் சிலர் வந்தார்கள், எங்கேயோ போகிற வழியில் நின்றது மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஒருநாள் கட்சி அமைப்பாளர் ஒரு படப்பிடிப்பாளரோடும் தலைவரின் முகம் போட்ட பெரிய பதாகையோடும் வந்தார். நான் அன்றைக்கு அங்கே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, இது கட்சியின்ர வேலையெண்டு சனத்துக்குத் தெரிய வேணாமே?" என்றார்.

"சாப்பிடுற சனத்துக்குத் தெரியும் ஐயா."

"ரெண்டே ரெண்டு படம். பேஸ்புக்கில போடத்தான்."

நீ அகப்பையோடு அவருக்கு முன்னால் வந்து நின்றாய். குரலைக்கூட உயர்த்தவில்லை, அதுதான் எனக்கு அதிசயம்.

"அந்த மூலையில ஒருத்தர் அயர்ன் பண்ணின ஷேர்ட்டோட இருந்து சாப்பிடுறார். அவற்ற பிள்ளை நாளைக்கு அந்தப் படத்தைப் பாக்கும். எடுக்க விடமாட்டன்."

"அப்ப கட்சி எப்பிடி வளர்றது?"

"எனக்குத் தெரியாது. பருப்பு அடிப்பிடிக்குது, வழியை விடுங்கோ."

அவர் பதாகையைச் சுருட்டிக்கொண்டு போனார். சோமலதா அக்காவுக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். ஆனாலும் அவ துருவுவதை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தா. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்து இஞ்சித் தோசி மிட்டாய் தின்ற பெட்டையா இது என்று நானும் பார்த்தேன்.

பிறகு அந்த மழை.

களனி ஆறு நிரம்பினதால் நகரத்துத் தண்ணீர் வடிய இடமில்லாமல் நின்றது. நடக்க ஏலாத கிழவன் கிழவிகளை ஒவ்வொருவராகத் தேவாலய மண்டபத்துக்குக் கூட்டிப்போக அந்தக் கறுத்த தண்ணீருக்குள் நீ நாள் முழுக்கத் திரிந்தாயாம். காலில் எங்கேயோ கீறியிருந்தது. அதை யார் பார்த்தது? தண்ணீர் வடிவதற்கு முன்னாலேயே உனக்குக் காய்ச்சல். தடிமன் காய்ச்சல் என்று குளிசை போட்டுக்கொண்டு திரிந்தாய். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கண் மஞ்சளாகிவிட்டது. எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றார்கள்.

கடைசியாக நீ என்னோடு கதைத்தது ஞாபகம் இருக்கிறதா? கண்ணைத் திறந்து, "தண்ணி வடிஞ்சிட்டா?" என்று கேட்டாய்.

"வடிஞ்சிட்டுது."

"பொய். அங்க வடியாது" என்றாய்.

செத்த வீட்டில் ஒழுங்கையின் அடிப்பக்கத்துப் பெண் ஒருத்தி சவப்பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "இனி யாரிட்டச் சொல்லுறது? இனி யாரிட்டச் சொல்லுறது?" என்று அழுதா. என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் வெள்ளவத்தைக்குத் திரும்பிப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னோடேயே இருந்தது. காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், சந்தையில் மரக்கறி தெரிந்தெடுக்கும்போதும்.

மாநகர சபைத் தேர்தல் வந்தது. அமைப்பாளர் வெள்ளவத்தைக்கே என்னைத் தேடி வந்தார். நான் உன் இடத்தில் நின்று வாக்குக் கேட்கவேண்டுமாம். சுவரொட்டியில் பெரிதாக உன் படம், கீழே என் பெயர். "அனுதாப வாக்கு அப்பிடியே விழும் தங்கச்சி" என்றார். அவர் கெட்ட மனுசன் இல்லை, உனக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

நான் மட்டக்குளி பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு அண்ணனிடம் போனேன். அவர் உன் படத்துக்குக் கீழே இருந்த மெழுகுதிரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நீ போன பிறகு நாலு சொல்லைச் சேர்த்துப் பேசாத மனுசன் அன்றைக்குப் பேசினார்.

"கேக்கிறதெண்டாக் கேள், தடுக்கமாட்டன். ஆனா அவளை மதில்ல ஒட்டாதே. மழை பெஞ்சா அவளின்ர முகத்தாலதான் தண்ணி வழியும்."

உன் படம் இல்லாமல்தான் கேட்டேன். அமைப்பாளர் தலையில் கை வைத்தார்.

வீடு வீடாகப் போனேன். தொடர்மாடியில் ஒரு இளம் தாய், இடுப்பில் பிள்ளையோடு, என்னைப் படியிலேயே நிறுத்திக் கேட்டாள்: "நீங்க வந்தா பால்மா விலை குறையுமா?"

"குறையாது" என்றேன். "மாநகர சபையால அது ஏலாது. கானைத் துப்புரவாக்க ஏலும். மூடிக் கிடக்கிற இலவச மருந்துச்சாலையைத் திறக்கச் சொல்லிச் சண்டை பிடிக்க ஏலும். மருந்துக்குக் குடுக்கிற சல்லி மிச்சப்பட்டா, பால்மாவுக்கு ஆகும். அவ்வளவுதான் சொல்ல ஏலும்."

"மற்றவை குறைப்பம் எண்டு சொல்லிட்டுப் போனவை."

"தெரியும்" என்றேன். அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். படியிறங்கும்போது அமைப்பாளர் முணுமுணுத்தார்: "தங்கச்சி, இப்பிடிக் கதைச்சா வாக்கு வராது."

வரவில்லை. பெரிய கட்சி ஒன்றின் சிங்களப் பொடியன் வென்றான். எங்கள் கட்சி மேலிடம் அந்த அறையையும் வேண்டாமென்று விட்டுவிட்டது. தோற்ற பிறகு என்னத்துக்கு என்று அமைப்பாளரும் வருவதை நிறுத்திக்கொண்டார். நௌபர் நானா மட்டும், "கடைக்குப் பின்னால ஸ்டோர் சும்மாதானே கிடக்கு, கதிரையக் கொண்டு வாங்க" என்றார். நானும் சோமலதா அக்காவும் அந்த உடைந்த கதிரைகளைத் தலையில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இப்போது சனிக்கிழமைகளில் பல வீடுகள் சேர்ந்து புறக்கோட்டையில் மொத்தமாக அரிசி, பருப்பு, கருவாடு எடுத்து அங்கே வைத்துப் பிரிக்கிறோம். சில்லறைக்கு வாங்குவதைவிடக் குறைவாக முடிகிறது. பெரிய புரட்சி ஒன்றுமில்லை மச்சாள். ஆனால் சனம் வருகிறது.

இப்போது வரிசைகள் இல்லை. அதனால் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் எல்லாம் அடுக்கியிருக்கிறது, எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள். கரண்ட் பில் வந்தால் அண்ணன் விசிறியை நிறுத்திவிட்டு வாசலில் உட்காருகிறார்.

அடுத்த மழை தொடங்கினபோது, வென்ற பொடியனை ஒழுங்கைக்கு வரச் சொல்லிக் கேட்டோம். வருவான் என்று நான் நினைக்கவில்லை. வந்தான். சந்தியில் தண்ணீரைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தான். சோமலதா அக்கா சிங்களத்தில், சொந்த மகனைக் கூப்பிடுகிற மாதிரி, "வேண்டாம் புத்தே, சப்பாத்தோடயே வா. எங்கட பிள்ளையள் பள்ளிக்கூடம் போறதும் அப்பிடித்தான்" என்றா. அவன் அப்படியே இறங்கினான். எங்கள் வாசலில், முழங்கால் அளவு தண்ணீரில் நிற்க வைத்து, நீ எப்படிப் போனாய் என்று அவ சொன்னா.

அவன் உன் பெயரைக் கேட்டான். திருப்பிச் சொல்லிப் பார்த்தான்.

மாதங்கள் போன பிறகு, கானைத் திருத்தப் பழைய கொங்கிறீற்றை உடைக்க ஆட்கள் வந்தார்கள். கூடவே ஒரு பெரிய பலகையும் வந்தது. அவனுடைய படம், அவனுடைய கட்சி நிறம். அன்றைக்கே அமைப்பாளர் எனக்குப் போன் எடுத்தார். "ஜசிந்தா தங்கச்சி உயிரைக் குடுத்த வேலை. அவன்ர படம் தொங்குது. நீங்க பாத்துக்கொண்டு இருக்கிறியளா?" பொய் சொல்லமாட்டேன். பலகையைக் கழற்ற ஆள் கூட்டவேண்டும் என்றுதான் வெளியே வந்தேன். வாசலில் அண்ணன் வேலைக்காரப் பொடியன்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றார். "தட்டைப் பிடி, ஒரு கையால ஊத்த ஏலாது" என்றார். பிடித்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

நான் செய்தது சரியா? நீ என்றால் என்ன செய்திருப்பாய்? இரண்டு விதமாகவும் யோசித்துப் பார்க்கிறேன், இரண்டிலும் உன் குரல்தான் கேட்கிறது.

முழுக்க நல்ல செய்தி என்று நினைத்துவிடாதே. வேலை பாதியில் நிற்கிறது. எங்கள் வாசல் பக்கம் தண்ணீர் இப்போது ஓடுகிறது. ஓடி, ஒழுங்கையின் அடிப்பக்கத்தில் போய் நிற்கிறது. உன் சவப்பெட்டியைப் பிடித்து அழுத அந்தப் பெண்ணின் வீட்டுக்குள்ளேதான் முதலில் போகிறது. நிதி முடிந்துவிட்டதாம். அவ என்னோடு இரண்டு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு நானே அவ வீட்டுக்குப் போய், அவ பெருக்கித் தள்ளின தண்ணீரில் நின்று, "நாளைக்கு மாநகர சபைக்குப் போறம், நீங்களும் வாங்கோ, நீங்கதான் கதைக்கவேணும்" என்றேன். வந்தா. உன்னைவிடச் சத்தமாகக் கதைக்கிறா, தெரியுமா? இன்னும் முடிவு வரவில்லை. திரும்பவும் போவோம்.

போன வாரம் நான் அண்ணனுக்குச் சமைத்துவைக்க வந்திருந்தேன். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. கையில் வெறும் வாளியோடு ஒரு பெண். ஜிந்துப்பிட்டியிலிருந்து இந்தப் பக்கம் புதிதாக வாடகைக்கு வந்தவளாம். வீட்டுப் பைப்பில் தண்ணீர் இல்லை, வீட்டுக்காரன் கேட்கிறானில்லை. பஸ் தரிப்பில் யாரிடமோ சொல்லி அழுதிருக்கிறாள், அவர்கள் வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஜசிந்தா அக்கா வீடு இதானுங்களா?" என்றாள்.

அவளுக்குத் தெரியாது. உள்ளே அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மெதுவாக எழுந்து, ஒரு கதிரையை இழுத்து நடுவில் போட்டார்.

"ஓம், இதுதான்" என்றேன். "உள்ள வந்து இருங்கோ. என்ன விஷயம், சொல்லுங்கோ."

மச்சாள், உன் பெயரைச் சொல்லிக்கொண்டு இந்த வீட்டுக்கு வருகிற ஒருவரையும், அவ இப்ப இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பமாட்டேன். எனக்கு ஏலும்வரைக்கும். அதற்குப் பிறகு இந்தக் கதவைத் திறக்க இன்னொருத்தியை, நான் இருக்கும்போதே தேடிவைப்பேன்.

உன் வகுப்புக்காரியாய் இருந்து உனக்கு உறவானவள்,
உன் புருஷனின் தங்கச்சி,
றீற்றா