நாற்பது நிமிடத் தலைவி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. கை கால் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படி. இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் உன் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன். ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிரி. படித்ததும் கிழித்துப் போட்டாலும் சரிதான்.

எங்கள் முகாமைப் பற்றிச் செய்தியில் வந்ததா என்று தெரியவில்லை. வந்திருந்தால் இரண்டு வரி வந்திருக்கும். நடந்தது இரண்டு வரி இல்லை.

நான் இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. சம்பளம் இல்லாத வேலைக்கு எவளாவது கடல் தாண்டிப் போவாளா, மூளை கழன்றுவிட்டதா என்று அத்தான் கேட்டதாக எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரியில் பத்து வருடம் டிரஸ்ஸிங் அறையில் நின்றவள், அதே வேலையை அதற்கு ஆள் இல்லாத இடத்தில் செய்து பார்க்கலாமே என்று வந்தேன். அவ்வளவுதான். நம் ஊரிலிருந்து வந்த தொண்டர்கள் நான்கு பேர். கேப்டன் என்று நாங்கள் கூப்பிடும் குழுத் தலைவர், கால்பந்து சொல்லிக்கொடுத்தவர், மைக் தேவைப்படாத தொண்டை. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். டிரைவர் அண்ணன். அப்புறம் நான். இந்த ஊர்க்காரர்களோடு எங்களுக்குப் பேச்சு ஒரு தையல்காரம்மா வழியாக. அவர் இரண்டு மொழியும் பேசுவார். சண்டையில் காயம்பட்டவர்களுக்காக ஒரு பள்ளிக்கூடத்தைத்தான் ஆஸ்பத்திரி ஆக்கியிருக்கிறார்கள். கரும்பலகையில் இன்னும் யாரோ போட்ட கூட்டல் கணக்கு இருக்கிறது. டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார். மற்ற நாட்களில் நாங்கள்தான்.

கிளம்பும் முன் எங்களிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். எண்பது கேள்விகள். அதை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் எழுதித் தந்தார்கள். கேப்டனுக்கு ‘முன்னின்று நடத்துபவர்’. எனக்கு ‘ஒதுங்கி நிற்பவர், மற்றவர் மனநிலைக்கு ஏற்ப வளைபவர்’. படித்துவிட்டு மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். நம் வீட்டில் வளர்ந்தவளுக்கு எண்பது கேள்வி எதற்கு? அப்பா செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று நீ சொல்லிவிடுவாய். நான் உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

அந்தப் படிவத்தை உருப்படியாக ஆக்கியவர் தபால்காரர். வந்த புதிதில் ஒரு சாயங்காலம், “இதெல்லாம் நல்லா இருக்கும்போது நாம யாருன்னு சொல்லுது. பயந்தா நாம யாரு? அதச் சொல்லுங்க பாப்போம்” என்றார். கேப்டன், “பயந்தா எனக்குக் குரல் ஏறும். தைரியம்னு எல்லாரும் நெனச்சுக்குவாங்க. ஏறினா யாராவது தோளைத் தொடுங்க” என்றார். அவ்வளவு பெரிய மனுஷன் அதைச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. டிரைவர் அண்ணன், “நான் வண்டிக்கு ஓடிடுவேங்க. உள்ள உக்காந்துட்டா எல்லாம் சரியாயிடும்” என்றார். தபால்காரருக்குப் பேச்சு நின்றுவிடுமாம், கை மட்டும் வேலை செய்யுமாம். நான், எனக்குச் சிரிப்பு வரும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக அப்பாவிடம் பெல்ட் அடி வாங்கியதையும், நீ என் முகத்தை உன் மடியில் அமுக்கி மறைத்ததையும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் இல்லாத நாள். துப்பாக்கிகளோடு ஏழு பேர் வந்தார்கள். உள்ளே காயம்பட்டவர்கள் பதினொரு பேர் படுத்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் தங்கள் ஆட்களைச் சுட்டவர்களாம், அவர்களை வெளியே அனுப்பு என்று தையல்காரம்மா வழியாகச் சொன்னார்கள்.

டிரைவர் அண்ணன் வண்டிக்கு ஓடினார், அக்கா.

சொன்னது போலவே ஓடினார். ஆயுதம் எடுக்கப் போகிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, முதுகில் ஒன்று, கழுத்தில் ஒன்று. கதவுப் பிடியில் கை வைத்தபடியே சரிந்தார். தண்ணீர் டிரம் முழுக்க ரத்தம் தெறித்தது. அவர் ஓடுவார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் அவர் கையைப் பிடிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. தொண்டைவரை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தபால்காரர் ஒரு வார்த்தை பேசாமல், கழுத்தில் தொங்கிய என் முகக்கவசத்தைப் பிடித்து மூக்குவரை இழுத்துவிட்டார். அந்த மனிதரால்தான் இன்று உனக்குக் கடிதம் எழுதுகிறேன்.

கேப்டன் ஓரடி முன்னால் போய், “இது ஆஸ்பத்திரி, உள்ள வரக்கூடாது” என்று கத்தினார். ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அவர் தாடையில் அடித்தான். எலும்பு உடைகிற சத்தம் எனக்குப் பழக்கமானதுதான், ஆனால் அது வேறு. பல் தரையில் உருண்டது. அவர் மறுபடி எழுந்தார், வாயில் ரத்தம் ஒழுக இன்னும் பெரிதாகக் கத்தினார். நான் தோளைத் தொட்டேன். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து என்ன செய்வது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அந்த ஏழு பேரைப் பார்த்தேன். கத்துகிறவன் ஒவ்வொரு முறை கத்தியதும் பின்னால் திரும்பிப் பார்த்தான். அப்படியானால் இவன் பெரியவன் இல்லை. மருந்து அலமாரி பக்கம் நின்றவனுக்கு விரல் நடுங்கியது. கத்துகிறவனைவிட ஆபத்தானவன் அவன்தான். வாசலில் சுவரில் சாய்ந்து பேசாமல் ஒருவர் நின்றார், அப்பா வயது இருக்கும். இடது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. நாற்றம் எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

எல்லோரையும் உள்ளங்கையைத் தரையில் வைத்து உட்காரச் சொன்னேன், நடுங்குகிறவனை யாரும் பார்க்கக் கூடாது என்றேன். ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அந்தப் பெரியவர் முன்னால் போட்டேன். “கை அழுகுது. இன்னும் ரெண்டு நாள் விட்டா கையையே எடுக்கணும். உக்காரச் சொல்லுங்க” என்று தையல்காரம்மாவிடம் சொன்னேன். அவர் அதை அவர்கள் மொழியில் சொன்னார்.

பெரியவர் உட்கார்ந்தார். அப்பா வந்ததும் நீ முதலில் நாற்காலியைத்தானே போடுவாய். “உக்காந்த ஆள் அடிக்கணும்னா எந்திரிக்கணும்டி. அந்த நேரம் போதும், நீ ஓடிடு” என்பாய். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். துணியை நனைத்து நனைத்து உரித்தேன். இரண்டு விரல் கறுத்திருந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டு, செத்த சதையை வெட்டி எடுத்தேன். கைத்துப்பாக்கியைத் தொடையில் வைத்திருந்தார், அதன் வாய் என் வயிற்றைப் பார்த்தபடி. இரண்டு பேரையும் கொடு என்றார். இந்தக் கட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற வேண்டும், இந்த இடம் எரிந்துபோனால் யார் மாற்றுவார்கள் என்று கேட்டேன். கறுத்த விரல்களைக் குனிந்து பார்த்தார். பிறகு, ஒருத்தன் போதும் என்றார்.

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலை குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். காலில் மாவுக்கட்டோடு இருந்தவனை இழுத்துக்கொண்டு போனார்கள். விளையாட்டு மைதானச் சுவர் பக்கம் ஒரே ஒரு வெடிச்சத்தம். என் கை நிற்கவில்லை. மருந்துகளையும் வண்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பத்து பேர் உயிரோடு இருக்கிறார்கள். அந்தப் பதினோராவது ஆளை நான் என்ன செய்வது, அக்கா?

அவன் தையல்காரம்மாவின் தெருக்காரன். அவர் என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாவது நாள் வாசலில் நின்று, “அவனோட அம்மா உன்னப் பாக்கணும்கறா” என்றார். போனேன். ஒரே அறை வீடு, சுவரோரம் அவனுடைய சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அந்த அம்மா என்னை அடிக்கவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. அழுதானா என்று கேட்டார். அழவில்லை, உங்களைக் கூப்பிட்டான் என்றேன். உண்மைதான். தலையை ஆட்டினார். போ என்று கையைக் காட்டினார்.

டிரைவர் அண்ணனின் மனைவிக்கு எழுதிய கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு நான்காவது முறை அனுப்பினேன்.

கேப்டனுக்குத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. ஒரு தாளில் ‘இனிமே நீதான்’ என்று எழுதி நீட்டினார். நான் மறுத்தபோது அந்த ‘தான்’ என்ற எழுத்தின் மேலேயே திரும்பத் திரும்பப் பேனாவை ஓட்டிக் கிழித்துவிட்டார். மேலிடத்திலும் சரி என்றுவிட்டார்கள். அடுத்து வரும் பன்னிரண்டு பேருக்கு நான்தான் பொறுப்பு. அவர்களும் அந்தப் படிவத்தோடு வருவார்கள். யார் பெரியவர் என்று பார்க்க அது இல்லை, யார் எதற்கு ஓடுவார் என்று தெரிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் என்று முதல் நாளே சொல்லப்போகிறேன். டிரைவர் அண்ணனைப் பற்றியும் சொல்வேன்.

இப்போது உன் விஷயம். குளியலறையில் வழுக்கி விழுந்து கை உடைந்தது என்று எழுதியிருக்கிறாய். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு என்றும் எழுதியிருக்கிறாய். விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டில் உடையும், அக்கா. நீ சொல்கிற எலும்பு, தலைக்கு மேல் கையைத் தூக்கித் தடுக்கும்போது உடைவது. பத்து வருடமாக அதற்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். வந்த பெண்கள் எல்லோரும் குளியலறை என்றுதான் சொன்னார்கள்.

அந்தப் பெரியவர் கட்டு மாற்ற மூன்று முறை வந்தார். நன்றி சொன்னார். ஒருமுறை ஒரு பை ஆப்பிள்கூடக் கொண்டுவந்தார். அதே வாரம் பக்கத்து ஊரை எரித்தார். நான் அவரைக் கொஞ்சம்கூட மாற்றவில்லை. அடிக்கிறவனின் குணம் தெரிவது தப்பிப் போகத்தான். கூடவே இருப்பதற்கு இல்லை.

நாற்பது நிமிடம் செய்ததற்கு என்னைத் தலைவி என்கிறார்கள். நீ அத்தானோடு பதினாறு வருடமாகச் செய்கிறாய்.

எனக்குப் பத்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. பதினான்காம் தேதி திங்கட்கிழமை, பாப்பாவோடு பள்ளிக்கு வருவது போலவே வீட்டை விட்டு வா. பள்ளிக்கு எதிர்ப்புற பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். சான்றிதழ்களை எடுக்க முடிந்தால் எடு, முடியாவிட்டால் விடு. நீ வராவிட்டாலும் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டு உன்னைச் சிக்கலில் மாட்டிவிட மாட்டேன். செவ்வாயும் அங்கேயே நிற்பேன். புதனும் நிற்பேன். விடுப்பு தீரும்வரை நிற்பேன்.

பாப்பாவுக்கு என் முத்தம். உடைந்த கையை உயர்த்தியே வைத்திரு, வீக்கம் வடியும். அக்கா, வந்துவிடு.

உன்
சிண்டு