சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம்

15.09.2003 திங்கள்

இன்றும் பாடம் நடத்த விடவில்லை. பெயருக்குத்தான் பாடசாலை, சுவரில்லாத ஒரே மண்டபம். என் ஐந்தாம் வகுப்புக்கு முதுகுப் பக்கம் ராகினியின் நான்காம் வகுப்பு. ஆசிரியர் பயிற்சி முடித்துப் புதிதாக வந்தவள் சந்தைக்கடை விரித்திருக்கிறாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ரப்பர் கொட்டைகளைப் பிரித்துக் கூட்டுகிறார்கள், கத்துகிறார்கள். கேட்டால், "கணிப்பீடுங்க சேர். யாருக்கு எது வெளங்கலன்னு அப்பப்பவே பாத்துக்கிறேன்" என்கிறாள். பதினொரு வருஷமாக ஐந்தாம் வகுப்பைப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயார் செய்பவனுக்கு அவள் பாடம் சொல்கிறாள்!

17.09.2003

தலைவலி. அவள்தான்.

22.09.2003

பாடசாலை அதிபர் கந்தையா கூப்பிட்டார். அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்பை ராகினிக்குக் கொடுக்க யோசிக்கிறாராம். "புள்ளைங்க அந்தப் புள்ளகிட்ட வாய் தொறக்குதுங்க சேர்."

"என்கிட்டயும் தொறக்கும். அதுக்குத்தான் பிரம்பு வச்சிருக்கேன்" என்றேன்.

என் வகுப்பு. யாருக்கும் விடுவதாக இல்லை. உரச் சாக்குகளைத் தைத்து இரண்டு வகுப்புக்கும் நடுவில் திரை கட்ட வைத்தேன். சத்தம் மட்டும் குறையவில்லை.

26.09.2003

பின்னக் கூட்டல் முடிந்தது. விளங்கியதா என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். விளங்கவில்லை என்றால் கவனிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? கவனிக்காதவனுக்கு உள்ளங்கையில் ஒன்று. இதைவிட என்ன கணிப்பீடு வேண்டும்?

01.10.2003 புதன்

கரும்பலகையில் எழுதச் சோக் எடுக்கப் போய்த் திரும்புகிறேன். திரைக்கு அந்தப் பக்கம் ராகினி, "யாருக்கு வெளங்கல?" என்று தன் வகுப்பைக் கேட்கிறாள். என் வகுப்பு ஷாமிளா சாக்கைத் தூக்கிக் கையை நீட்டுகிறாள்! "டீச்சர், எனக்கு அரையும் காலும் கூட்டுறது வெளங்கல."

நான் நடத்திய பாடம்! அவள் பின்னால் இன்னும் ஏழெட்டுக் கைகள். ராகினி தன் சாப்பாட்டு ரொட்டியைப் பிய்த்து, அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்று காட்டியும்விட்டாள். என்னைக் கண்டதும் கைகள் எல்லாம் மடிக்குப் போய்விட்டன.

"என் வகுப்பக் கெடுக்க வந்தியா?" என்று கத்தினேன். அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். ஆனாலும் சொன்னாள்: "அதுங்களுக்கு வெளங்கலிங்க சேர்."

"வெளங்குச்சுன்னுதானே என்கிட்ட தலையாட்டுனாங்க?"

"அடிக்குப் பயந்துங்க சேர்."

என்ன திமிர்!

02.10.2003

கணக்கு கொடுத்துப் பார்த்தேன். ரொட்டியைப் பார்த்ததுகள் எல்லாம் சரியாகச் செய்திருக்கின்றன. மற்றதுகள் தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல்... அன்றைக்கு எதற்குத் தலையாட்டினார்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

06.10.2003 திங்கள்

பிரம்பை அதிபர் அறையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். "யாருக்கு வெளங்கலன்னாலும் சொல்லுங்க. அடிக்க மாட்டேன்" என்றேன். ஒரு கை கூட எழவில்லை. ராகினிக்குச் சாக்கைத் தூக்கிக்கொண்டு நீள்கிற கை எனக்கு ஒன்று கூட இல்லையா?

"ஷாமிளா, நீ சொல்லு" என்றேன், என்னால் முடிந்த அளவு மெதுவாக. எழுந்து வந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள்.

ஐந்தாம் வகுப்பை ராகினிக்கே கொடுக்கச் சொல்லி அதிபரிடம் சொல்லிவிட்டேன். அவள்மேல் கோபம் இன்னும் போகவில்லை.