பட்டுடுத்திய பொம்மை

ஐப்பசி, வெள்ளிக்கிழமை ராத்திரி, பாளையங்கோட்டை.

படுத்தும் தூக்கம் வரல. எழுதித் தொலைக்கேன்.

போன வாரம் என் புத்தகக்கடைக்கு அடுத்த தையல்கடை செல்வி அக்காவ பைக்குல வந்த ஒருத்தன் இடிச்சுட்டுப் போயிட்டான். காலு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கா. அவ ஏன் ரோட்டுல நடந்தா? நடைபாதை முழுக்கத் துணிக்கடை அண்ணாச்சியோட பொம்மைங்க, தீபாவளிப் பட்டு உடுத்தி வரிசையா நிக்குது.

வியாபாரிகள் கூட்டத்துல சொன்னேன்: பொம்மைய உள்ள எடுங்க, வேகத்தடை கேட்டு மனு குடுப்போம். சங்கத் தலைவரே அந்த அண்ணாச்சிதான். "வேகத்தடை போட்டா யாவாரம் படுத்துரும்மா. அந்த எடத்துல திருஷ்டி இருக்கு, கழிச்சிருவோம்"னாரு. அத்தன பேரும் தலையாட்டுனாங்க.

இன்னைக்குச் சாயங்காலம் நடுரோட்டுல பூசணிக்காய் உடைச்சாரு. உடைச்ச சூட்டோட, அம்மா கையப் பிடிச்சு வந்த ஒரு பிள்ள அந்தத் துண்டுல வழுக்கி விழுந்துச்சு. பஸ்காரர் மட்டும் பிரேக் பிடிக்கலன்னா... வேண்டாம்.

எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ கோவம். மஞ்சள் பட்டுப் பொம்மையத் தூக்கிட்டுப் போயி பூசணித் துண்டுகளுக்கு நடுவுல நிறுத்துனேன். அத்தன வண்டியும் பைய ஒதுங்கிப் போச்சு.

செல்வி அக்கா விழுந்தன்னைக்குக் கல்லாவ விட்டு எந்திரிக்காத மனுசன், தலைதெறிக்க ஓடியாந்தாரு.

"ஏம்மா, என்ன காரியம் செய்யுதிய! பொம்ம மேல வண்டி ஏறிட்டா?"

சேலையத் தொடைச்சு, திரும்பவும் நடைபாதையிலயே நிறுத்திட்டாரு. நாளைக்கும் அது அங்கதான் நிக்கும்.

அதத் தூக்க எனக்கும் ரெண்டு கை இருக்கு.